ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுருவுக்குக் காரில்: அந்த ஒரு நாளை எப்படி ஓட்டுவது?

"உலுரு பார்க்கப் போகிறோம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ரூம் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது ஒன்றுதான்: "பாறைக்குப் பக்கத்தில் எத்தனை ராத்திரி?" உலுரு, ஆஸ்திரேலியாவின் நடுவில் பாலைவனத்தில் தனியாக நிற்கும் பெரிய சிவப்புப் பாறை; ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அந்தப் பாலைவனத்து ஊர். பலருக்கு என் கேள்வியே புரிவதில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினால் பாறை ஊர்க்கோடியில் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். அப்படி இல்லை. ஊரிலிருந்து பாறையின் அடிவாரம் சுமார் 465 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 930. ஜூன், ஜூலையில் அங்கே பகல் வெளிச்சம் பத்தரை மணி நேரம்தான்.

அதனால் இந்த வழிகாட்டியின் முதல் விதி: ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். சுற்றுலாப் பேருந்துகள் அப்படிப் போய்வருகின்றன, உண்மைதான். அவர்களுக்குத் தொழில்முறை ஓட்டுநர் இருக்கிறார், நீங்கள் பின்னால் தூங்கலாம். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் இது ஒருவழிப் பயணம், ராத்திரி பாறைக்குப் பக்கத்து ஊரான யூலாராவில் தங்கல். பாறை நிறம் மாறுவதைப் பார்ப்பது சூரியன் மறையும்போதுதான், ஆகவே மற்ற எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டியது.

முதலில் கணக்கு

இந்த ஊர்கள் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஜூன் கடைசியில் உலுருவில் சூரிய உதயம் ஏறத்தாழ காலை ஏழரை, அஸ்தமனம் மாலை ஆறு. டிசம்பர் கடைசியில் உதயம் ஆறுக்குச் சற்று முன், அஸ்தமனம் ஏழரையை ஒட்டி. நாங்கள் போனது ஜூலையில். அந்த நாளை வைத்தே சொல்கிறேன்.

அஸ்தமனம் ஆறு மணி என்றால், பார்க்கும் இடத்தில் ஐந்தே காலுக்கு இருக்க வேண்டும். அதற்கு யூலாராவிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். அறைச் சாவி வாங்கி, பெட்டியை இறக்கி, எல்லோரும் ஒரு முறை முகம் கழுவ ஒரு மணி நேரம். ஆக, மூன்றரைக்குள் யூலாரா. ஆலிஸிலிருந்து யூலாராவுக்கு 445 கிலோமீட்டர். வண்டி ஓடும் நேரம் மட்டும் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தங்களுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். அப்படியானால் காலை எட்டு மணிக்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும்.

"ஐந்து மணிக்கே கிளம்பிவிடலாமே, நிதானமாகப் போகலாம்" என்று தோன்றும். கூடாது. இருட்டிலும் விடியும் வேளையிலும் கங்காருகள் சாலையோரத்தில் மேயும். விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் ஓரமாக ஓடாமல் நேரே வண்டியின் குறுக்கே குதிக்கும். மாடுகளுக்கும் பல இடங்களில் வேலி கிடையாது. காட்டு ஒட்டகங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாலைவனச் சுமை இழுக்கக் கொண்டுவரப்பட்டவற்றின் வாரிசுகள் அவை. மோட்டார் வண்டி வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். இதனால்தான் பல வாடகைக் கார் நிறுவனங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கின்றன. மீறி ஏதாவது ஆனால் காப்பீடு நிற்காது.

சில வாரங்களுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

தங்குமிடம்தான் முதல் வேலை. பாறைக்கு அருகில் இருக்கும் ஒரே சுற்றுலா ஊர் யூலாரா. கூடாரம் போடும் இடத்திலிருந்து ஆடம்பர ஹோட்டல் வரை அங்கே உண்டு. ஆனால் பள்ளி விடுமுறை மாதங்களில் எல்லாமே சீக்கிரம் நிரம்பிவிடும். 85 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் கர்ட்டின் ஸ்பிரிங்ஸிலும் தங்கலாம், செலவு குறையும். ஆனால் அங்கே தங்கினால் அஸ்தமனம் பார்த்துவிட்டு இருட்டில் அத்தனை தூரம் திரும்ப வேண்டிவரும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கார் ஒப்பந்தம். இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு வாடகை மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, கையெழுத்துப் போட்டு, சாவியையும் வாங்கிய பிறகுதான் என் மனைவி அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படித்தாள்: ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் வரைதான் வாடகைக்குள் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். மூன்று நாள் பயணத்தில் ஆயிரத்துக்கு மேல் ஓடுவோம் என்று தெரிந்தே போயிருந்தோம். அந்த உபரிக் கட்டணம் வாடகையையே தாண்டியது. இந்தப் பகுதியில் பல நிறுவனங்கள் இப்படித்தான் தருகின்றன. வரம்பில்லாத கிலோமீட்டர் எங்கே கிடைக்கும் என்று முன்பே தேடிப் பதிவு செய்யுங்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவில் ஓட்டலாமா, யூலாராவுக்கும் பாறை இருக்கும் தேசியப் பூங்காவுக்கும் இடையே மட்டும் அந்தி நேரத்தில் ஓட்ட அனுமதி உண்டா, மண் சாலையில் போகலாமா. மூன்றாவது கேள்விக்குச் சாதாரண காருக்குப் பதில் பெரும்பாலும் 'இல்லை'தான். கவலை வேண்டாம், உலுரு வரை முழுக்கத் தார்ச் சாலை.

பூங்கா நுழைவுச் சீட்டை இணையத்திலேயே வாங்கிவிடலாம். பெரியவர்களுக்கு 38 டாலர், மூன்று நாளுக்குச் செல்லும், குழந்தைகளுக்கு இலவசம். அலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் வரிசை நேரம் மிச்சம்.

முந்தின நாள் மாலை

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும். அதற்கு அப்புறம் வருவதெல்லாம் ரோடுஹவுஸ்தான்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. அவற்றில் சில மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் உண்டு. ஆகவே எதையும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

டேங்க் நிரப்புங்கள். இந்த வட்டாரத்துப் பங்க்குகளில் சாதாரண பெட்ரோலுக்குப் பதிலாக ஓப்பல் என்ற எரிபொருள் இருக்கும். பெட்ரோலை முகரும் பழக்கத்தைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்தது. சாதாரண கார்களுக்கு அதையே தயங்காமல் போடலாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டராவது. குடித்து முடிக்க முடியாதே என்று கணக்குப் பார்க்காதீர்கள்; வண்டி நின்றுபோனால் அடுத்த வண்டி வரும் வரை வெயிலில் உங்களைத் தாக்குப்பிடிக்க வைக்கும் தண்ணீர் அது. வரைபடத்தை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கிக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டிப் பதினைந்து இருபது நிமிடத்தில் சிக்னல் போய்விடும். ரோடுஹவுஸ்களையொட்டி மட்டும் எட்டிப் பார்க்கும்.

சாப்பாட்டுக்கு எங்கள் வழி புளியோதரை. தங்கிய இடத்தில் சின்ன அடுப்பு இருந்தது. முந்தின ராத்திரியே நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, ஆறவைத்துக் கட்டிக்கொண்டோம். தயிர் சாதம் குளிர்பெட்டி இருந்தால் மட்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ரோடுஹவுஸில் பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவல்தான் கதி, ஆகவே இது வெறும் ஆசைக்காகச் சொல்வதல்ல.

இன்னும் இரண்டு பொருள். ஒன்று, முகத்தை மூடும் ஈ வலை. குளிர்காலத்தில் தேவைப்படாமல் போகலாம். வெயில் ஏறிய மாதங்களில் ஈக்கள் கண்ணிலும் மூக்கிலும் ஈரம் தேடி வந்து உட்காரும். மற்றது, நல்ல ஸ்வெட்டர். பகலில் இருபது டிகிரி இருக்கும் ஜூலையில் ராத்திரி பூஜ்யத்தைத் தொடும்.

காலை 8.00: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் முதல் எர்ல்டண்டா வரை, 200 கிலோமீட்டர்

ஊரின் தென்முனையில் மெக்டானல் மலைத்தொடர் ஒரு மதில் போலக் குறுக்கே நிற்கும். அதில் ஒரே ஒரு வாசல், ஹெவிட்ரீ கேப். பெரும்பாலும் வறண்டு கிடக்கும் டாட் ஆறு, ரயில் தண்டவாளம், சாலை மூன்றும் அந்த ஒற்றைப் பிளவுக்குள் ஒன்றையொன்று ஒட்டியபடி நுழைகின்றன. அதைத் தாண்டியதும் விமான நிலையத் திருப்பம், அப்புறம் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை உங்களுக்கு மட்டும் என்பது போல விரிந்துவிடும்.

வண்டி ஓட்டுவது நமக்குப் பழகிய இடது பக்கம்தான். வேக வரம்பு பல இடங்களில் 130. அந்தப் பலகையைக் கண்டு மிதிக்க வேண்டாம், 110இல் போங்கள். நேர்ச் சாலையில் வேகம் தெரியாது. க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுக் காலை எடுத்துவிட்டால் மனசும் கூடவே உறங்கத் தொடங்கும். எங்கள் வீட்டு ஏற்பாடு: ஓட்டுபவர் பக்கத்தில் உட்காருபவர் தூங்கக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும்.

ரோட் ட்ரெயின் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாளின் மிகப் பெரிய ஆபத்து அதுதான். ஒரு லாரித் தலை, பின்னால் மூன்று நான்கு பெட்டிகள். மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை. அது 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 120இல் முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் 30 மீட்டர் இடைவெளியில் விலகி, முன்னால் 30 மீட்டர் விட்டுச் சேர வேண்டும். இருபது வினாடி ஆகும். அந்த இருபது வினாடியில் உங்கள் வண்டி எதிர்த் தடத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் ஓடியிருக்கும். எதிரில் வருபவரும் அதே அளவு ஓடிவந்திருப்பார். அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்தலாம். தூரத்தில் ஒரு மேடு தெரிந்தாலும் வேண்டாம், காத்திருங்கள். அதன் கடைசிப் பெட்டி பக்கவாட்டில் ஆடும், காற்று உங்கள் காரை உள்ளே இழுக்கும். ஸ்டீயரிங்கை இரு கையாலும் பிடியுங்கள். அதுவே எதிரில் வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரமாக ஒதுங்குங்கள், சின்னக் கற்கள் தெறிக்கும்.

ஃபிங்க் ஆற்றுப் பாலம் வரும்போது குழந்தைகளை எழுப்பிக் காட்டுங்கள். பெரும்பாலும் வெறும் மணல்தான் தெரியும். உலகின் மிகப் பழைய ஆற்றுப் படுகைகளில் ஒன்று என்று சொல்லப்படுவது அது. அதற்குச் சற்றுத் தெற்கே ஹென்பரி எரிகல் பள்ளங்களுக்குத் திருப்பம் உண்டு. உள்ளே மண் சாலை. வாடகைக் காரென்றால் மனசைத் தேற்றிக்கொண்டு நேரே போங்கள்.

எர்ல்டண்டா ரோடுஹவுஸில் கட்டாய நிறுத்தம், முக்கால் மணி நேரம். பத்தரைக்குள் வந்துவிடலாம். பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். ஆலிஸை விட விலை அதிகம்தான். நடுவழியில் நிற்பதை விட அது மலிவு. கழிப்பறை, காபி. கம்பி வேலிக்குள் ஈமு நிற்கும், அம்மா அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டார்.

லாசெட்டர் நெடுஞ்சாலை

எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பினால் லாசெட்டர் நெடுஞ்சாலை, 110 வரம்பு. பெயருக்குரிய ஹரோல்ட் லாசெட்டர், பாலைவனத்தில் தங்கப் பாளம் பார்த்தேன் என்று சொல்லித் தேடிப் போய் 1931இல் அங்கேயே இறந்துபோனவர். தங்கம் இன்றுவரை கிடைக்கவில்லை.

மண் இங்கே சிவந்துவிடும். சாலை மணல்மேடுகளின் மீது ஏறி இறங்கி ஓடும், ஆகவே மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அப்படி ஒரு மேட்டைத் தாண்டியபோதுதான் அந்தக் கழுகைப் பார்த்தோம். அடிபட்டுக் கிடந்த கங்காருவின் மேல் நின்றுகொண்டு கொத்திக்கொண்டிருந்தது. ஆப்புவால் கழுகு, இறக்கை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். வயிறு நிறைந்த பறவைக்குச் சட்டென்று எழும்ப முடியாது. நான் பிரேக்கை மெல்ல அழுத்தி நடை வேகத்துக்கு வந்தேன். அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது, சாலையில் மூன்று தப்படி கனமாகக் குதித்தது, பிறகு இறக்கையை விரித்துக் கண்ணாடியின் உயரத்துக்கே எழும்பி ஒதுங்கியது. அதே வேகத்தில் வந்திருந்தால் கண்ணாடி உள்ளே வந்திருக்கும். செத்த விலங்கு தூரத்தில் தெரிந்தாலே வேகத்தைக் குறையுங்கள். இது எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள ஒரு வரி.

எர்ல்டண்டாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் போனதும் இடது பக்கம் தட்டையான உச்சியோடு ஒரு பெரிய மலை எழும். எங்கள் வண்டியில் பையன் "உலுரு!" என்று கத்தினான், அம்மா கை எடுத்துக் கும்பிட்டார். "அம்மா, இது அது இல்லம்மா" என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அது மவுண்ட் கானர், உள்ளூர்ப் பெயர் அட்டிலா. முதல்முறை வருபவர்கள் பலரும் இதைப் பார்த்து ஏமாறுவார்கள். ஏமாந்தாலும் நிறுத்திப் பாருங்கள். சமவெளியிலிருந்து 300 மீட்டர் உயரும் மலை, வேறெங்காவது இருந்திருந்தால் அதற்கே கூட்டம் வந்திருக்கும். நிறுத்தும் இடத்துக்கு எதிர்ப்புறம், சாலையைக் கடந்து மணல்மேட்டில் ஏறினால் அந்தப் பக்கம் வெள்ளையாக உப்பு ஏரி தெரியும். சிவப்பு மணல், வெள்ளை உப்பு, நீல வானம். ஐந்து நிமிட ஏற்றம்தான். பலர் மலையைப் படம் பிடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பாமலே போகிறார்கள்.

அடுத்த கால் மணி நேரத்தில் கர்ட்டின் ஸ்பிரிங்ஸ். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த மாட்டுப் பண்ணை. 1956 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. மவுண்ட் கானர் அவர்கள் நிலத்தில்தான் வருகிறது. மரநிழலில் புளியோதரையைப் பிரித்தோம். ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஓட்டுபவர் இருபது நிமிடம் கண்ணை மூடட்டும். இரண்டே காலுக்குக் கிளம்பினால் போதும்.

வண்டி நின்றுபோனால் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வண்டியை விட்டு நடக்காதீர்கள். சாலையில் கட்டாயம் யாராவது வருவார்கள், நிறுத்துவார்கள். அது அந்த ஊர் வழக்கம். பானட்டைத் திறந்து வையுங்கள், நிழல் பக்கம் உட்காருங்கள். அவசர எண் 000, சிக்னல் இருக்கும் இடத்தில் மட்டும்.

மாலை 3.15: யூலாரா

நிஜமான பாறை யூலாராவுக்குச் சற்று முன்னால் இடது முன்புறத்தில் தெரியும். முதலில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு தோள் மட்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது, பார்க்க நேரம் நிறைய இருக்கிறது.

யூலாராவில் சூப்பர்மார்க்கெட், பெட்ரோல், மருத்துவ வசதி எல்லாம் உண்டு. டேங்கை இப்போதே நிரப்பிவிடுங்கள், மறுநாள் காலை ஒரு வேலை குறையும். நாலரைக்குக் கிளம்புங்கள்.

ஊரிலிருந்து பாறை சுமார் 20 கிலோமீட்டர், நடுவில் பூங்கா வாசல். பூங்கா மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும்: ஜூன், ஜூலையில் இரவு ஏழரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒன்பது. கார்களுக்கான அஸ்தமனப் பார்வையிடம் பாறையின் மேற்குப் பக்கம். அங்கே வண்டியின் முன்பக்கம் பாறையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். குளிரில் வெளியே நிற்க முடியாத வயதானவர்கள் உள்ளே உட்கார்ந்தே முழுவதையும் பார்க்கலாம். அம்மாவுக்காக நாங்கள் அரை மணி நேரம் முன்னால் போனது இதற்குத்தான்.

சூரியன் மறைவதற்கு இருபது நிமிடம் முன்பிலிருந்து நிறம் மாறத் தொடங்கும். பாறை உண்மையில் சாம்பல் நிற மணற்கல். வெளித்தோலில் உள்ள இரும்பு காற்றுபட்டுத் துருப்பிடித்ததுதான் அந்தச் சிவப்பு. சாய்ந்த வெயில் நெடுந்தூரம் காற்றுக்குள் பயணித்து நீலத்தைச் சிதறவிட்டுச் செம்மையை மட்டும் கொண்டுவந்து சேர்க்கும்போது அந்தத் துரு எரிவது போலத் தெரியும். சூரியன் மறைந்ததும் எல்லோரும் வண்டியைக் கிளப்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். இன்னும் பத்து நிமிடத்தில் பாறை ஊதாவாகும், கூட்டமும் குறைந்திருக்கும்.

பெயரைப் பற்றி ஒன்று. 1873இல் வில்லியம் காஸ் இதற்கு ஏர்ஸ் ராக் என்று பெயர் வைத்தார், தெற்கு ஆஸ்திரேலிய அரசியல் தலைவர் ஹென்றி ஏர்ஸின் பெயரில். மண்ணுக்குரியவர்கள் சொல்லும் பெயர் உலுரு. அதன் கடைசி எழுத்து பிட்ஜன்ஜாஜாரா மொழியில் நம் 'ழ'வுக்கு மிக நெருங்கிய ஒலி, ஏறக்குறைய 'உலுழு'. அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் சொல்லில் வருவதும் நம் 'ண'தான்: அணங்கு. சொல் ஒற்றுமை தற்செயல். ஆனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறும் ஒலிகளை நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். சொல்லிப் பாருங்கள், அங்கே அது மரியாதை.

1985 அக்டோபர் 26 அன்று இந்த நிலம் அணங்கு மக்களிடம் திரும்பத் தரப்பட்டது. 2019இல் அதே தேதியில் பாறை மேல் ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. ஆகவே யாராவது ஏறலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அடிவாரத்தைச் சுற்றி நடக்கும்போது சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அவை அவர்களுக்குப் புனிதமான இடங்கள். நம் கோயில் கருவறை முன் கேமராவை உள்ளே வைப்பது போல வைத்துவிடுங்கள்.

திரும்பும்போது

இருட்டும் நேரத்தில் அந்த 20 கிலோமீட்டர். வண்டிகள் வரிசையாகப் போகும், அதே வரிசையில் மெதுவாகப் போங்கள், முந்தவே வேண்டாம். பாதையோரம் கண்கள் மின்னினால் பிரேக் போடுங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். விலங்கைத் தப்பவிடப் போய்ச் சட்டென ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கவிழும் வண்டிகள்தான் அதிகச் சேதம் காண்பவை.

மறுநாள் அடிவார நடை 10.6 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். கோடையில் முற்பகல் 11க்குள் நடையை முடிக்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். உதயம் பார்க்கப் போகிறவர்கள் தாலிங்குரு ந்யாகுன்ஜாகு என்ற இடத்துக்குப் போக வேண்டும், அது எதிர்ப்பக்கம். யூலாராவிலிருந்து உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன் கிளம்புங்கள். ஸ்வெட்டரையும் தண்ணீர் பாட்டில்களையும் இரவே காருக்குள் வைத்துவிட்டுப் படுங்கள்.